மணல்மேட்டில் ஒரு படகுப்பாய்

வெள்ளரியேந்தலில் பள்ளிக்கூடம் போகிற வயதில் பதினேழு பிள்ளைகள் இருந்தார்கள். அங்கிருந்து ஒன்றரை மைல் தள்ளி, கடற்கரையில் இருந்த மணல்வலசையில் பதினாறு பேர். தனித்தனியாகக் கேட்டபோது, இவ்வளவு குறைந்த பேருக்கு ஒரு பள்ளிக்கூடமா என்று கல்வி அதிகாரி கையை விரித்துவிட்டார். இரண்டு ஊரும் சேர்ந்து போய்க் கேட்டதும் கொஞ்சம் இறங்கி வந்தார். நடுவில் பிள்ளைகள் உட்கார நிழலாக ஓர் இடம் காட்டுங்கள், வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன், இல்லாவிட்டால் வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.

நடுவில் இருந்ததோ ஒரு மணல்மேடு. அங்கே நிழல் வேண்டுமானால் பருந்து பறந்து வந்தால்தான் உண்டு.

இதற்காக ரொம்பக் கவலைப்பட்டவள் பூமயில். சோணைமுத்துவின் மகள், பத்து வயது. கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த தாள்களைக்கூடக் கசக்காமல் மடித்து வைத்திருந்தாள். எழுத்துத் தெரிந்ததும் படிப்பாளாம்!

ஓலை முடைந்து கூரை போட நாள் இல்லை. அதனால் மணல்வலசைக்காரர்கள் ஒரு படகின் பழைய பாயைத் தருவதாகச் சொன்னார்கள். வெள்ளரியேந்தல்காரர்கள் நட்டு நிறுத்தப் பனங்கால்களும் கயிறும் தருவதாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலை சோணைமுத்துவின் மாட்டுவண்டியில் பாய் வந்து இறங்கியது. மீனவர்கள் விடியும் முன்பே கடலுக்குப் போய்விட்டார்கள். பாய்க்குத் துணையாக வந்தவள் கில்பர்ட்டின் மகள் லீமாரோஸ். அவளுக்கு ஒன்பது வயது.

பூமயில் தினமும் கண்மாய்க்கரையில் நின்று தூரத்துக் கடலில் பாய்களைப் பார்த்திருக்கிறாள். நகத்தளவுதான் தெரியும். இப்போது எட்டு ஆட்கள் பிடித்து இழுக்க இழுக்க அது விரிந்துகொண்டே போனது. மேட்டில் இடம் போதாது போலிருந்தது. பூமயில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நடந்து பார்த்தாள்.

"இம்புட்டுப் பெருசா?" என்று கடைசியில் கேட்டாள்.

"இது சின்னப் பாயிதான்" என்றாள் லீமாரோஸ், பெருமையை மறைக்காமல்.

வெள்ளரியேந்தல்காரர்களுக்கு வண்டியில் வைக்கோல் பாரம் கட்டித்தான் பழக்கம். பாயையும் அப்படியே கட்டினார்கள். நட்டு நிறுத்திய பனங்கால்களில் நாலு மூலையையும் இழுத்து, கயிற்றைக் காலால் மிதித்து இறுக்கினார்கள். இப்படிக் கட்டக் கூடாது என்று லீமாரோஸ் இரண்டு தடவை சொன்னாள். பெரியவர்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உச்சிவேளைக்குள் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் மேட்டில் கூடிவிட்டார்கள். அப்போது கடல்காற்று எழுந்தது. பாய் உப்பியது. ஒரு பனங்கால் மணலை விட்டு அரையடி மேலே வந்தது. சோணைமுத்து ஓடிப்போய்க் கயிற்றை இன்னும் இறுக்கினார். பாய் இன்னும் உப்பியது. அந்த நேரம் பார்த்து, வண்டிப்பாதையில் அதிகாரியின் சைக்கிள் தெரிந்தது.

பூமயில் லீமாரோஸிடம் ஓடினாள். "கடல்ல இப்படிக் காத்தடிச்சா உங்கப்பா என்ன செய்வாக?"

"இறுக்க மாட்டாக. கயித்தை விட்டுக் கொடுப்பாக. காத்து போறதுக்கு வழி வேணும்ல?"

பூமயில் அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கட்டிய முடிச்சை ஊரில் யாரும் குறை சொன்னதில்லை.

"அய்யா, இறுக்காதீக. அவ சொல்றதக் கேளுங்க. இது வைக்கோல் இல்ல."

சோணைமுத்து மகளைப் பார்த்தார். மணலை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த பனங்காலைப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

பாய் படபடவென்று அடித்துக்கொண்டு தரையில் இறங்கியது. அதன் பிறகு லீமாரோஸ் சொல்லச் சொல்ல, மீசை வைத்த எட்டுப் பேர் வாய் பேசாமல் செய்தார்கள். கடல் பக்கத்து ஓரத்தை முழங்கால் உயரத்துக்குத் தணித்தார்கள். ஊர்ப் பக்கத்தை உயர்த்தி, கயிற்றைக் கொஞ்சம் தளர விட்டார்கள்.

இப்போது காற்று பாயின் மேலே வழுக்கிக்கொண்டு போனது. பாய் மெதுவாக ஏறி இறங்கியது, தூங்குகிற பிள்ளையின் வயிறு மாதிரி. முப்பத்து மூன்று பிள்ளைகளும் அடியில் போய் உட்கார்ந்தார்கள். கருப்பட்டிப் பாகு நிறத்தில் வெளிச்சம் இறங்கியது. அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

அதிகாரி குனிந்து உள்ளே வந்தார். அவரும் அண்ணாந்து பார்த்தார். வந்த வேலையைக் கொஞ்ச நேரம் மறந்தே போனார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, திங்கட்கிழமை வாத்தியார் வருவார் என்றார்.

சாயங்காலம் கில்பர்ட் கரையிறங்கியதும் ஈர வேட்டியோடு நேரே மேட்டுக்கு வந்தார்.

"நடுக்கடல்ல நின்னு பாக்கேன், தரையில ஒரு பாயி நிக்குது" என்றார். "எவன் படகு ஊருக்குள்ள போகுதுன்னு நாங்க திகைச்சுப் போயிட்டோம்."

பூமயில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எம்புட்டுப் பெருசாத் தெரிஞ்சுச்சு?"

கில்பர்ட் கட்டைவிரலை நீட்டினார். "இந்தா, இந்த நகத்தளவு."

பூமயில் தலைக்கு மேலே இருந்த பாயைப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவளுடைய பள்ளிக்கூடம் தெரிகிறது!