சுடுதண்ணீர் காணாத துவக்கு

செவ்வாய் காலை 6.40. வட்டைவிதானை முத்தலிப் வாய்க்கால் கட்டில் பிணமாகக் குப்புறக் கிடந்தார். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுக் கொடுத்த மனிதர். முதுகில் துப்பாக்கிச் சன்னம் ஒன்றே ஒன்று.

புதன் காலை 9.15. அது 303 சன்னம் என்றதும் பொலிஸ் ஜீப் நேரே ஸலாஹுதீன் வீட்டு வாசலில் போய் நின்றது. அந்தப் பக்கத்தில் அனுமதிப்பத்திரத்தோடு 303 வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். உலகப்போர்க் காலத்து றைபிள், வாப்பா வழியில் வந்தது. போதாக்குறைக்குப் போன வாரம் முத்தலிப்போடு தண்ணீருக்காக நடுவீதியில் வாய்ச்சண்டை வேறு. பன்னிரண்டு மணிக்குள் அவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு. சப் இன்ஸ்பெக்டர் மேர்சியாவுக்கு இந்த அவசரம் அறவே பிடிக்கவில்லை.

வீட்டில் மூன்றே பேர்: ஸலாஹுதீன், தங்கை றஹீமா, அவள் கணவன் பஸால். அலுமாரிச் சாவி எல்லோருக்கும் எட்டும் ஆணியில் தொங்கியது. உள்ளே றைபிள், பக்கத்தில் சின்னப் புனல் ஒன்று. மேர்சியா குழலை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். எண்ணெய் மினுமினுப்புக்குக் கீழே செந்துரு.

ஸலாஹுதீன் எட்டிப் பார்த்தார். கையில் விலங்கு கிடப்பதே மறந்துபோயிற்று.

"யா அல்லாஹ்! ஆரு இந்த வேலை செஞ்ச?"

"நேற்றுக் காலையில எங்க இருந்தீங்க?"

"சுபஹ் தொழுதிட்டு வந்து படுத்த. நான் சுடல்ல மேடம், வல்லாஹி."

"கடைசியா எப்ப சுட்டீங்க?"

"போன மாசம். வயலுக்க காட்டுப்பண்டி வந்த நேரம்."

10.05. முற்றத்தில் பஸால். அவனுக்கும் சொந்தமாக ஒரு ஷொட்கன் உண்டு.

"மச்சான்ட றைபிள நான் தொட்டதே இல்ல."

"உங்கட துவக்க எப்படித் துப்புரவாக்குவீங்க?"

"எண்ணெயில துணிய நனைச்சித் துடைக்கிறதான்."

"தண்ணி?"

பஸால் சிரித்தான். "துவக்குக்குத் தண்ணி காட்டுறதா? துருப் புடிச்சிடுமே!"

10.20. குசினி. மேர்சியா அடுப்படியில் நின்ற றஹீமாவிடம் புனலைக் காட்டினாள்.

"இது எதுக்கு?"

"காக்கா சுட்டா ஒரு கேத்தல் சுடுதண்ணி கேட்பார்," என்றாள், அண்ணன் ஸலாஹுதீனைக் குறித்து. "இத வெச்சிக் குழலுக்க ஊத்துவார்."

"நேற்றுக் கேட்டாரா?"

"இல்ல மேடம். பண்டி சுட்ட அண்டைக்குத்தான் கடைசியாக் கேட்ட."

11.10. மேர்சியா மூவரையும் கூடத்தில் இருத்தினாள்.

"பழைய உலகப்போர் ஆமித் தோட்டாட மருந்தில உப்பு இருக்கு. சுட்டதும் அது குழலுக்க தங்கிடும். எண்ணெயில கரையாது, தண்ணியிலதான் கரையும். கழுவாம விட்டா, இந்தக் கடற்காத்துக்கு ஒரு நாள் போதும். காக்கா சுட்டிருந்தா கழுவியிருப்பார்; றஹீமாவுக்கும் கழுவணும் எண்டு தெரியும். வெளியாள் சுட்டிருந்தா எண்ணெய் பூசி வெச்சு, சாவியத் திரும்ப ஆணியில மாட்டியிருக்க மாட்டான்." அவள் பஸாலைப் பார்த்தாள். "உங்கட புதுத் தோட்டாவுக்கு எண்ணெய் போதும். இதுக்குப் போதாது."

பஸால் றஹீமாவின் பக்கம் திரும்பினான்.

"நான் களவா வாய்க்கால வெட்டித் தண்ணி எடுத்தத முத்தலிப் கண்டுட்டான்," என்றான். "வயல்காரங்கட கூட்டத்தில சொல்லி மானத்த வாங்கப் பார்த்தான்."

11.25. விலங்கு கைமாறியது. ஜீப் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

"காக்கா, அவங்க கேட்டதுக்குத்தானே நான் பதில் சொன்ன?" என்றாள் றஹீமா. அவருடைய வெறும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். யாருக்காக அழுகிறாள் என்று ஸலாஹுதீன் கேட்கவில்லை.