தலையைத் தொங்கப்போட்ட அப்பளம்

வெனிங்கின் அக்கா ரத்ரி நன்றாகப் பாடுவாள். தானே பாட்டுக் கட்டி, கிட்டார் வாசித்துப் பாடி இணையத்தில் போடுவாள். கேட்பது யார் என்றால் பெரியம்மா, இரண்டு சித்தப்பாக்கள், அப்புறம் பெரியம்மாவே இன்னொரு தடவை. சொந்தக்காரர் அல்லாத ஒருவராவது கேட்கமாட்டாரா என்பதுதான் ரத்ரியின் ஏக்கம்.

இந்தோனேசியாவின் ஜோக்ஜா நகரில் சொந்தமாகப் பாட்டுப் போடுகிறவர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறார்கள். சனிக்கிழமை மாலையானால் அதில் ஒரு புதுப் பாட்டு வரும். இந்த வாரம் ரத்ரியின் முறை. தவறவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவாள்.

அவள் பாட்டு, காலையில் எழுந்திருக்கச் சிணுங்கும் சோம்பேறிகளைப் பற்றியது. பாட்டோடு ஓடப் படம் எடுக்க நடிகருக்கு எங்கே போவது? வீட்டில் ஒரு தகர டப்பா நிறைய குருப்புக் அப்பளம் இருந்தது. ஒன்றுக்கு மிளகால் கண் வைத்து, சிவப்பு மிளகாயைத் தொப்பியாக மாட்டி, மேசையில் நிற்க வைத்தாள். பின்னால் ஒரு தட்டில் அப்பளங்களையே குவித்து ஒரு மலை. அப்பளத்தைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம். எல்லாவற்றையும் வேகமாக ஓட்டினால் அப்பளம் ஆடும்.

பத்து வயது வெனிங்குக்குக் காவல் வேலை. தம்பி கிலாங் அப்பளத்தில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளத்தான். அவனோ மலைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ரொம்ப நல்ல பிள்ளையாகச் சிரித்தான்.

அன்று சனிக்கிழமை; வெளியே விடாத மழை. வெளிச்சம் வேண்டுமென்று ரத்ரி ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தாள். மதியத்துக்கு மேல் எல்லாம் முடிந்து, படங்களை ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஈரக்காற்றில் அப்பளம் நமத்துக்கொண்டே வந்திருக்கிறது. ரத்ரி அதன் அடிப்பக்கத்தை நகர்த்துவதிலேயே கண்ணாக இருந்ததால் தலையைக் கவனிக்கவில்லை. நிமிர்ந்து நின்ற அப்பளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூன் விழுந்து, கடைசியில் தொப்பி மேசையில் இடிக்காத குறையாகத் தொங்கியது.

மழையில் யாராவது குருப்புக்கைத் திறந்து வைப்பார்களா, நீ இந்த ஊரில் பிறந்தவள்தானா என்று அம்மா தன் பங்குக்குத் திட்டினார். மறுபடி எடுக்க நேரமில்லை. ரத்ரி போனை மேசையில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். வெனிங்குக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அப்பளம் நன்றாக நின்ற படத்தையாவது பார்ப்போமே என்று அவள் போனை எடுத்து, கடைசிப் படத்திலிருந்து விரலால் வேகமாகப் பின்னோக்கித் தள்ளினாள். தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, கடைசிலேருந்து முதல் வரைக்கும் பாரேன். அது தூங்கி எழுந்துக்குது."

ரத்ரி விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். கூனிக் கிடந்த அப்பளம் மெல்லத் தலை தூக்கியது, முதுகை நிமிர்த்தியது, ஆடிக்கொண்டே நேராக நின்றது.

"அடியே, என் பாட்டே அதுதானேடி!" என்று தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. வெறும் தட்டிலிருந்து மலை தானாக வளர்ந்தது. எல்லாரும் கிலாங்கைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் ஒண்ணுதான் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒண்ணுதான்," என்றான் அவன்.

மாலையில் பின்னோக்கி ஓடும் படத்தோடு பாட்டு வெளியானது. முதலில் கேட்டது வழக்கம்போல் பெரியம்மாதான்.

ஞாயிறு காலை அடுப்படியில் போனைத் திறந்த ரத்ரி கத்தியதில் வீடே ஓடிவந்தது. தூரத்து மக்காசார் நகரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். அவர் மகன் படத்தைப் பார்த்துவிட்டு, கூப்பிடாமலே எழுந்து பல் தேய்க்கப் போனானாம். பாட்டை மறுபடி போடச் சொல்கிறானாம்.

"யாரும்மா இது, உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார் அம்மா.

"தெரியாதும்மா," என்றாள் ரத்ரி. கண் நிறைந்துவிட்டது. "யாருன்னே தெரியாது!"

யாரென்றே தெரியாத அந்தப் பெண்ணுக்காக அக்காவும் தங்கையும் தம்பியும் அடுப்படி அதிரக் குதித்தார்கள்.