குறைத்து வைத்த பசி

காலை ஏழரைக்குப் பசி வர வேண்டும். தூத்துக்குடியில் சிறுநீரகம் நலிந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த நேரத்தில்தான் வரும். பன்னிரண்டு வயது ஜெசிந்தாவுக்கு மட்டும் மூன்று மாதமாக வரவில்லை.

"ரெண்டே ரெண்டு வாய், தங்கம்," என்று அம்மா ரெஜினா இட்லியைப் பிட்டு நீட்டினாள்.

இட்லி நனைந்த பஞ்சுபோல நாக்கில் கிடந்தது. இரண்டாவது வாயிலேயே குமட்டியது. அம்மாவின் கண்கள் கலங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் ஜெசிந்தா இன்னொரு வாயையும் விழுங்கிவைத்தாள்.

அவள் தோளில், தோலுக்கடியில், அரிசியளவில் ஒரு பசிச்சில்லு இருந்தது. 'போதும்' என்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோன் லெப்டின். நலிந்த சிறுநீரகம் அதை வெளியேற்றாது, இரத்தத்திலேயே தேக்கிவிடும். பிள்ளை சாப்பிடாது, வளராது. சில்லு லெப்டினை அடக்கி, பசியைக் கிளப்பும் கிரெலினை வேளாவேளைக்குச் சுரக்கவைக்கும். பசியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சாவி, பெற்றவர்களின் கைபேசியில் இருக்கும்.

எடை இருபத்தைந்து கிலோவைத் தொட்டால், ஜெசிந்தாவின் செல்லிலிருந்தே வளர்த்த புதுச் சிறுநீரகத்தைப் பொருத்திவிடுவார்கள். ஜூன் மாதம் இருபத்து நான்கரை இருந்தாள். இன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனையில், சிறுநீரக மையத்தின் எடைமேடை இருபத்து மூன்று காட்டியது.

டாக்டர் ரஹிமா அவள் தோளில் வாசிப்புக் கருவியை வைத்தார். திரையில் வந்த பதிவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"சில்லு கெட்டுப்போச்சா டாக்டர்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"சில்லு நல்லாத்தான் இருக்கு. ஜெசி, நீ கொஞ்சம் வெளிய உக்காரும்மா."

"என் உடம்புதான டாக்டர்? எனக்கும் தெரியணும்."

டாக்டர் ரெஜினாவைப் பார்த்தார். ரெஜினா தரையைப் பார்த்தாள்.

"ஜூன் பதினாலுல இருந்து தினமும் காலைல ஆறு நாப்பதுக்கு உன் பசியக் கொறைச்சிருக்காங்க. உங்கம்மா போன்ல இருந்து."

ஆறு நாற்பது, அம்மா அடுப்பில் இட்லிக் கொப்பரை வைக்கும் நேரம்.

"தெரியாம கை பட்டுட்டாம்மா?" என்று கேட்டாள் ஜெசிந்தா. பொய்யை அவளே எடுத்துக் கொடுத்தாள். அம்மா அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"இருபத்தஞ்சு வந்துட்டுன்னு ஆல்வினுக்குக் கேக் வெட்டுனோம்," என்றாள் ரெஜினா. "நாலாம் நாள் பெட்டியில வந்தான்."

ஆல்வின் ஜெசிந்தாவின் அண்ணன். அவனுக்கும் இதே நோய். மூன்று வருடங்களுக்கு முன்பு அறுவை மேசையிலேயே அவன் மூச்சு நின்றுவிட்டது.

"நீ இருபத்து நாலரை வந்த அன்னைக்கு எனக்கு அந்தக் கேக்குதான் ஞாபகம் வந்துட்டு. உன்னக் கொஞ்ச நாள் கூட வச்சுக்கிடலாம்னுதான்…"

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பசியக் கொறைச்சுட்டு வந்து ஊட்டிவிட்ட. உக்காந்து அழுத." ஜெசிந்தாவின் குரல் உடைந்தது. "நான் சாப்பிடாம அம்மாவ அழவைக்கிறேன், அது பாவம்னு பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்ட்ட சொன்னேம்மா. மூணு தடவ சொன்னேன்."

ரெஜினா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் மூணு மாசம் இப்படியே போயிருந்தா, புது சிறுநீரகம் வச்சாலும் தாங்குற தெம்பு இவ உடம்புல இருந்திருக்காது," என்றார் டாக்டர். பிறகு ஜெசிந்தாவிடம், பன்னிரண்டு முடிந்த பிள்ளை கேட்டால் சாவியை அதன் கைக்கே மாற்றிவிடலாம், சட்டத்தில் இடமிருக்கிறது என்றார்.

"குடுங்க," என்றாள் ஜெசிந்தா.

சாவி அவளுடைய கைபேசிக்கு வந்தது. டாக்டர் அளவைச் சரிசெய்து, பசி வரும்வரை தாழ்வாரத்தில் காத்திருக்கச் சொன்னார். அம்மாவும் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

நாற்பது நிமிடத்தில் வந்தது. முதலில் வாயில் எச்சில் ஊறியது. அப்புறம் வயிற்றை யாரோ உள்ளிருந்து முறுக்குவதுபோல் இருந்தது. ரெஜினா பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துத் திறந்தாள். சோறு, அவள் நோய்க்கென்று இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரை இறுத்த, உப்புக் குறைந்த உருளைக்கிழங்குப் பொரியல்.

அந்தக் கை சமைத்ததைத் தொடக்கூடாது என்று ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டாள். கைபேசியைத் திறந்தாள். ஒரு விரல் அசைவில் பசியை அணைத்துவிடலாம். விரல் திரைமேல் நின்றது. இவ்வளவு சுலபமா இது என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. கைபேசியை மூடி வைத்துவிட்டு டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு சோறு சோறாக ருசித்தது. பொரியல் அவ்வளவு நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கண்ணீர் சோற்றில் விழுந்தது, கை நிற்கவில்லை.

உதட்டோரம் ஒட்டியிருந்த பருக்கையைத் துடைக்க ரெஜினா கையை நீட்டினாள். ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தள்ளி உக்காரும்மா."

ரெஜினா பெஞ்சின் மறுமுனைக்கு நகர்ந்தாள். அங்கிருந்தபடி, மகள் தன் கையாலேயே அள்ளி அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.