பெத்தம்மாள் குடித்த மருந்து

சௌந்தரபாண்டியன் மருந்து ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அருப்புக்கோட்டையில் அவர் வீட்டுக்குச் சுமதி வந்தபோது, கையில் பாதி காலியான பாட்டில் ஒன்று இருந்தது.

"எம் மருந்துதான் எங்கம்மாவக் கொன்னுச்சான்னு எனக்குத் தெரியணும் சார்."

திருச்சுழிப் பக்கம் பறித்த தழுதாழை இலையிலிருந்து வீக்கம் குறைக்கும் பொருளைப் பிரித்தெடுப்பது, மதுரையில் ஒரு கல்லூரியில் அவள் செய்துவந்த ஆராய்ச்சி. எலிகளிடம் பலன் தெரியவில்லை. படிப்பை விட்டுவிடுவதாக அவள் அழுத நாளில், வீட்டோடு இருந்த தாய் பெத்தம்மாள் அந்தச் சாற்றைத் தானே கேட்டு வாங்கிக் குடித்தாள். முடக்குவாதத்தால் தத்தித் தத்தி நடந்தவளுக்குக் கொஞ்ச நாளிலேயே மூட்டு வீக்கம் வடிந்தது. நன்றாக நடந்தாள். முகம்கூடப் பூரித்தது. சுமதி மறுபடி ஆய்வகத்துக்குப் போனாள். அதன்பின் பெத்தம்மாளுக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறி, காலில் புண் புரையோடி, போன மாதம் அவள் இறந்துபோனாள்.

முன்பொரு தடவை அம்மாவின் மூட்டு வீக்கத்துக்கு டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்ததையும், சர்க்கரை ஏறியதால் நிறுத்தியதையும் சுமதி சொன்னாள்.

அவள் போனதும் சௌந்தரபாண்டியனின் கூட்டாளி, முன்னாள் ஏட்டு உக்கிரபாண்டி, பரபரத்தார். "அந்தப் பொண்ணு வீட்டுக்காரரு ஜெயக்குமாரு மெடிக்கல் ஷாப்பு வச்சிருக்காரு. பொண்டாட்டி அழுகுறதப் பாத்து, பாட்டில்ல எதையோ கலந்துட்டாரு."

பாட்டிலைச் சோதனைக்கு அனுப்பினார்கள். இலைச்சாற்றைத் தவிர அதில் எதுவுமில்லை. பிறகு சௌந்தரபாண்டியன் பெத்தம்மாளின் சுருக்குப்பையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். உள்ளே காரியாபட்டி பஸ் டிக்கெட்டுகள். அந்த ஊரில் அவளுக்கு உறவென்று யாருமில்லை. இருவரும் அங்கே போய், அவள் போட்டோவோடு மருந்துக்கடைகளில் ஏறி இறங்கினார்கள்.

மறுநாள் சௌந்தரபாண்டியன் சுமதியையும் ஜெயக்குமாரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"எலிக்கு வடியாத வீக்கம் அம்மாவுக்கு மட்டும் வடிஞ்சிருக்கு. முகம் உப்பினது, சர்க்கரை ஏறினது, எல்லாமே ஸ்டீராய்டு செய்யுற வேல. பாட்டில்ல அது இல்ல. அப்பத் தனியா வாங்கிச் சாப்பிட்டிருக்காக. மருமகன் கடையில கேட்டா ஒனக்குத் தெரிஞ்சிரும். அதான் காரியாபட்டி."

சர்க்கரை ஏறுமே என்று அங்கே மாத்திரை விற்ற கடைக்காரர் தயங்கியிருக்கிறார். அதற்குப் பெத்தம்மாள் சொன்ன பதிலைச் சொல்லத்தான் வேண்டுமா என்று சௌந்தரபாண்டியன் சற்று யோசித்தார். பிறகு சொன்னார்.

"எம் மக மருந்துல கொணமானதா இருக்கட்டும்யா, அவ மொகம் இப்பத்தான் தெளிஞ்சிருக்குன்னாகளாம்."

ஜெயக்குமார் மனைவியின் தோளைத் தொட்டான்.

"அப்ப எம் மருந்து கொல்லல."

"இல்லம்மா. அது ஒண்ணுமே செய்யல."

உக்கிரபாண்டி எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். சுமதி அம்மாவின் சுருக்குப்பையைக் கையில் எடுத்தாள்.

"தெனமும் கேப்பேன் சார், இன்னைக்கு வலி எப்படிம்மா இருக்குன்னு. ஒன் மருந்து இருக்கையில எனக்கென்ன வலின்னு சிரிக்கும்."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.