பெட்டியில் ஒரு புத்தகம் குறைகிறது

பன்னிரண்டாவது புத்தகத்தைப் பட்டியலில் எழுதிவிட்டுப் பேனாவை மூடப்போனபோது ஆசீர்வாதத்துக்கு அதன் மூடி கிடைக்கவில்லை. மடியில் இல்லை, பாயில் இல்லை, சுற்றிலும் பரப்பியிருந்த காமிக்ஸ்களுக்கு அடியிலும் இல்லை. சற்று முன்தான் சீப்பைக் காணோம். அதற்கும் முன்னால் டீ குடித்த டம்ளர். முப்பத்தெட்டு வயதிலேயே புத்தி இப்படிப் போகிறதே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு அடுத்த புத்தகத்தை எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கரண்ட் இல்லை. 2008-ல் கும்மிடிப்பூண்டியில் கரண்ட் போவது ஒரு விஷயமா என்ன? ஆனால் அன்று சிப்காட் ஆலைகளுக்கும் மின்விடுமுறை. ராப்பகலாக இடித்துக்கொண்டே இருக்கும் ரோலிங் மில் சத்தம் நின்றுபோனதில், சொந்த வீடே வேறு யாருடைய வீடோ போல இருந்தது. ஜன்னல் விளிம்பில் வழக்கமான கரித்தூள். திறந்து கிடந்த தகரப் பெட்டியிலிருந்து பாச்சா உருண்டையும் பழைய காகிதமும் கலந்த வாசனை வந்தது. அதற்கடியில் இன்னொரு வாசனை, வெயிலில் விளையாடிவிட்டு வரும் பையன்களின் தலையில் அடிக்குமே, அது.

மனைவி விக்டோரியா ஊத்துக்கோட்டையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். உள்ளறையில் மெர்சி தூங்கிக்கொண்டிருந்தாள். கதவு வழியாக அவளுடைய கொலுசுக் கால்கள் மட்டும் தெரிந்தன. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண். ஆறு வயதாகியும், அவள் தூங்கும்போது அடிக்கடி நிமிர்ந்து பார்த்துக்கொள்ளும் பழக்கம் அவனை விடவில்லை.

பெட்டி உண்மையில் அண்ணன் பாக்கியநாதனுடையது. பதின்மூன்று வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். இருந்தவரை அந்தப் பெட்டிக்கு அவன் வைத்ததுதான் சட்டம். ஒரு புத்தகத்தை எடுத்தால் அந்த இடத்தில் உன் பொருள் ஒன்றை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அவனே எடுத்துக்கொள்வான். புத்தகம் வீட்டைத் தாண்டிப் போனாலோ, உனக்கு எது உசிரோ அதைப் பார்த்து எடுப்பான். புத்தகம் எப்படித் திரும்புகிறதோ, பொருளும் அப்படித்தான் திரும்பும். ஒருமுறை ஆசீர்வாதம் அட்டையைக் கிழித்துவிட, அவனுடைய காற்றாடியும் அதே அளவு கிழிந்துதான் திரும்பி வந்தது. பொல்லாத பயல்.

காலையில் பெரம்பூரிலிருந்து துளசிராமன் வந்திருந்தார். பழைய காமிக்ஸ் என்றால் உயிரை விடுகிறவர்.

"எல்லாத்துக்கும் நம்பர் போட்டு, பக்கம் கிழிஞ்சிருக்கா, அட்டை இருக்கான்னு எழுதி வைங்க சார். இந்த ஒண்ண மட்டும் இப்ப எடுத்துக்கினு போறேன்."

முன்வரிசையிலிருந்து ஒரு புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டார்.

இருபதாவது புத்தகத்துக்காகக் குனிந்தபோதுதான் ஆசீர்வாதம் பெட்டிக்குள் டம்ளரைப் பார்த்தான்.

புத்தகம் உருவிய சந்தில் பதவிசாக வைக்கப்பட்டிருந்தது. அடுத்த சந்தில் சீப்பு. அடுத்ததில் பேனா மூடி. டார்ச். செல்போன். கைக்கடிகாரம்.

மணிக்கட்டைப் பார்த்தான். வெறுங்கை.

மெர்சி விளையாடியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டான். ஆனால் அவள் எழுந்திருக்கவே இல்லை. கொலுசுக் கால்கள் அங்கேயேதான் இருந்தன.

பன்னிரண்டாவது புத்தகத்தை எடுத்து அதன் சந்தில் திருப்பிச் செருகினான். அடையாளத்துக்காக அதன் முனையைக் கொஞ்சம் மடித்திருந்தான். முழங்காலில் ஏதோ இடித்தது. பேனா மூடி.

அதன் முனையும் மடிந்திருந்தது.

பட்டியலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான். டம்ளர் வந்தது. டார்ச் வந்தது. செல்போன் வந்தது. பத்தொன்பது புத்தகங்களும் உள்ளே போயின, பத்தொன்பது பொருட்களும் வெளியே வந்தன. முன்வரிசையில் ஒரே ஒரு இடம் மட்டும் மிச்சம். துளசிராமன் கொண்டுபோனதன் இடம்.

அதற்குப் பதிலாக அவன் எதையும் வைக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தான். கால்களைக் காணோம்.

ஓடினான். பாய். பள்ளம் விழுந்த தலையணை. இன்னும் சூடு. வாசல் கதவு உள்பக்கம் தாழிட்டபடியே. பின்கதவும் அப்படியே.

திரும்பி வந்தபோது பெட்டி மூடியிருந்தது. என்றைக்கும் பூட்டே இல்லாத பெட்டி. இழுத்தான். நகம் பிய்ந்தது. மூடி அசையவில்லை.

உள்ளே கொலுசுச் சத்தம்.

"மெர்சி! கண்ணு!"

"அப்பா, இருட்டா கீதுப்பா. இந்த அண்ணன் கண்ணு மட்டும் மஞ்சளா தெரியுது."

ஆசீர்வாதம் தரையிலிருந்த செல்போனை எடுத்துத் துளசிராமனை அழைத்தான். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"சார்! நானே பேசணும்னு இருந்தேன். இன்னா புக்கு சார் இது!"

"அந்தப் புக்க தொடாதீங்க! அப்பிடியே கீழ வச்சுடுங்க!"

"ஹலோ? ஒண்ணுமே கேக்கல சார். ஸ்பீக்கர்ல போட்டுக்கினு வேல பாக்கறேன். ஸ்கேன் பண்றதுக்குப் பின்னைக் கழட்டறேன். தனித்தனியாப் பிரிச்சாதான் பக்கம் நேரா விழும்."

"அய்யோ, வேணாம் சார்! என் பொண்ணு சார்!"

"ஹலோ? டவர் இல்ல போல. இருங்க, எத்தினி தாளுன்னு எண்ணிடறேன்."

போனில் கம்பி நெம்பும் சத்தம். பெட்டிக்குள் மெர்சி "அப்பா" என்று ஆரம்பித்தாள். பாதியில் நின்றது.

"ஒண்ணு" என்றார் துளசிராமன். தாள் பிரிந்தது.

"ஒண்ணு" என்றது பெட்டிக்குள் ஒரு பையனின் குரல். ஆசீர்வாதத்துக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"அண்ணா! என்னைய எடுத்துக்கோண்ணா!"

"ரெண்டு."

"ரெண்டு."

மூடியின் சந்து வழியாக ஒரு தாள் மெல்ல வெளியே வந்து அவன் மடியில் விழுந்தது. ஈரமான வண்ணம். நடுவில் ஒரே ஒரு கட்டம். கட்டத்துக்குள் கணுக்கால் வரை இரண்டு சின்னக் கால்கள், கொலுசோடு.

விரல்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.