நான்காவது கல்லில் தேங்கிய தண்ணீர்

அக்டோபர் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு, படுக்கையறையின் ஜன்னல் சுவரிலிருந்து நான்காவது கல்லில் தண்ணீர் தேங்கி நின்றது.

உள்ளங்கை அகலம்தான். முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் தெருவில் எல்லோரும் இன்னும் சிஸ்டர் என்றே கூப்பிடும் அந்தப் பெண், மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். அந்த அறையில் தண்ணீர் தேங்கும் இடங்கள் ஒன்பது. பத்தாவது ஒன்று இருந்ததில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் வீடு கட்டியபோது அவள் கணவர் தேடிப்பிடித்துப் போட்ட தரை அது. மெருகேற்றாத, மட்டம் தட்டாத சுண்ணாம்புக் கல். ஒவ்வொரு கல்லிலும் அதற்கென்று மேடும் பள்ளமும் உண்டு. அதைத் துடைக்க அவர் வைத்திருந்த வரிசையை அவர் இருந்தவரை யாரும் மீறியதில்லை. முதலில் மெத்தென்ற துடைப்பத்தால் மணல் துகள்களை எடுக்க வேண்டும், இல்லையென்றால் மாப்போடு சேர்ந்து இழுபட்டுக் கல்லைக் கீறும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் மிதமான சோப்பு. இடுக்குகளுக்கு மென்மையான பிரஷ். இரண்டாவது வாளியில் நல்ல தண்ணீர். கடைசியில் மண்டியிட்டு, பள்ளங்களில் நிற்கும் ஈரத்தைப் பழைய துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை. சனிக்கிழமைதோறும் அவரே செய்தார். ஜனவரியில் அவர் போன பிறகு இவள் செய்தாள். செய்து முடிக்கும்போது பேச ஆளில்லாத ஒரு பகல் கழிந்திருக்கும்.

அவள் துண்டால் அந்த ஈரத்தை ஒற்றி எடுத்தாள். கல் வழவழப்பாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பள்ளங்கள். பக்கத்தில் பக்கத்தில், நீளவாக்கில், கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்தில், ஓரடி தள்ளி. மேகம் மூடிய வெளிச்சத்தில் இரண்டும் ஈயத்தகடு போல மங்கலாகப் பளபளத்தன.

திங்கட்கிழமை கொத்தனார் வந்தார். அந்தத் தரையைப் பதித்தவர் அவர்தான். மண்டியிட்டு, விரலை நனைத்துக் கல்லைத் தடவினார்.

"ஆசிட் எதுவும் ஊத்துனீங்களா சிஸ்டர்? மறைக்காம சொல்லுங்க, அடிக்க மாட்டேன்."

"ஒரே ஒரு தடவை. மே மாசம். வார்டு பழக்கத்துல பினாயில் மாதிரி நினைச்சுக் கக்கூஸ் கழுவுற ஆசிட்டைக் கொஞ்சம்... அதுவும் ஹால்ல. இங்க இல்ல."

"அதான பார்த்தேன். ஆசிட் தின்ன கல்லு சொரசொரன்னு இருக்கும். நாக்குல புண்ணு வந்த மாதிரி. இது அப்படி இல்லையே. பழைய மண்டபத்துப் படி பார்த்திருக்கீங்களா? நடுவுல குழிஞ்சு கிடக்கும். இது காலு தேய்ச்ச வழவழப்பு." அவர் நிமிர்ந்து பார்த்தார். "தினமும் இங்கதான் நிப்பீங்களோ?"

"நான் அந்தப் பக்கமா இறங்கிப் போவேன். இங்க நிக்கிறதே இல்ல."

"அப்ப கல்லுல குறை இருந்திருக்கும். உள்ள மெத்துனு இருந்து இப்ப உக்காருது." சொன்னவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "மூணு நூல் ஆழம், கால் அங்குலத்துக்கு மேலேயே இருக்கு. முன்பக்கம் அதைவிட ஜாஸ்தி. கல்தூளும் பசையும் கலந்து அடைச்சிடலாம். வர்ற திங்கள் வர்றேன். அதுவரைக்கும் பார்த்து நடங்க, இடறி விழுந்து வைக்காதீங்க. உங்களுக்குக் கட்டுப்போட வேற சிஸ்டருக்கு எங்க போறது?"

கொத்தனார் போன பிறகு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் முனகல் மட்டும் மிஞ்சியது. அவள் கட்டிலில் படுத்து, தலையைத் திருப்பி அந்த இரண்டு பள்ளங்களையும் பார்த்தாள். முன்பக்கம் ஜாஸ்தி என்று அவர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. முன்பக்கம் என்றால் கட்டில் பக்கம். கட்டிலைப் பார்த்து நின்று, முன்பாதத்தில் எடை கொடுத்து, படுத்திருப்பவர் மேல் குனிகிற ஆளின் கால்கள் அப்படித்தான் ஊன்றும். எத்தனை நோயாளிகளின் பக்கத்தில் அவளே அப்படி நின்றிருக்கிறாள்.

பயம் வரவில்லை. அவர் ஒரு தடவை வந்து பக்கத்தில் நிற்க வேண்டும், பத்து மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதற்குப் பதில் இதோ கல்லில் கிடக்கிறது என்று நினைத்தாள்.

அன்று மாலையே கொத்தனாரை அழைத்து, வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள். சனிக்கிழமை வந்து அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போவதாக இருந்த தங்கைக்கும் போன் செய்தாள்.

"என்னக்கா விளையாடுறியா? மாடி ரூமைப் பெருக்கி, மெத்தையைக் காயவெச்சு வெச்சிருக்கேன். அந்தக் கல்லு தரையோடவே குடும்பம் நடத்தப் போறியா?"

"இப்ப நல்லாத்தான் இருக்கேன்டி. நீ வர வேண்டாம்."

"தனியா இருந்து இருந்து உனக்கு மூளை குழம்பிடுச்சு. அத்தான் இருந்திருந்தா ரெண்டு திட்டு திட்டி அனுப்பி வெச்சிருப்பார்."

"அவர் அனுப்ப மாட்டார்," என்றாள் அவள்.

அந்த இரண்டு வாரமும் அவள் நன்றாகத் தூங்கினாள். படுக்கையில் அந்தப் பக்கமாகத் திரும்பி, பால்காரன் தாமதமாக வந்ததையும், எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதையும், முழங்கால் வலியையும் சொன்னாள். விடிகாலையில் அறையில் ஒரு வாசனை இருந்தது. மழைக்கு முன் கிணற்றடியிலிருந்து எழும் ஈரக்கல் வாசனை. அவர் வாசனை அது இல்லைதான். ஆனால் அவர் கல்லுக்குள்ளிருந்து அல்லவா வருகிறார் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். பத்தொன்பதாம் தேதி துடைத்தபோது பள்ளங்கள் இன்னும் ஆழமாகியிருந்தன. அந்த ஈரத்தை மட்டும் ஒற்றி எடுக்காமல் விட்டாள்.

அக்டோபர் இருபத்தாறு, சனிக்கிழமை. மூன்று மணிக்குத் தொடங்கினாள். மணலைப் பெருக்கி, சோப்புத் தண்ணீர் விட்டு, பிரஷ் போட்டு, நல்ல தண்ணீரால் அலசி, சுவர் ஓரத்திலிருந்து கட்டில் வரை வந்தபோது ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து, ஈரத் தரையின் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழுந்திருந்தது. இரண்டு பள்ளங்களிலும் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. அவளுக்கு ஒரு ஆசை வந்தது. அலமாரியைத் திறந்து, பத்து மாதமாகத் தொடாத அவருடைய ரப்பர் செருப்புகளை எடுத்து வந்தாள். அவர் வெறுங்காலோடு ஏன் நிற்க வேண்டும்?

கட்டிலுக்கும் பள்ளங்களுக்கும் நடுவே மண்டியிட்டு, வலது செருப்பைப் பள்ளத்துக்குள் வைத்தாள்.

அது அப்பாவின் செருப்புக்குள் குழந்தை கால் விட்டது போலக் கிடந்தது. முன்னால் நான்கு விரற்கடை மிச்சம். குதிகால் பக்கம் குறுகி, செருப்பின் பாதி அகலம்கூட இல்லை. முன்னே, விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில், விரல் விரலாகப் பிரிந்த தடம். எண்ணினாள். வார்டில் பிறந்த குழந்தைக்கு எண்ணுவது போல, ஒன்று விடாமல்.

ஆறு.

இரண்டு வாரம். இதனிடமா பேசினாள். முழங்கால் வலியை. கொத்தனார் வர மாட்டார் என்பதை. தங்கை வர மாட்டாள் என்பதையும்.

அவள் எழுந்தாள். அறைக்கதவு பள்ளங்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கம் கட்டிலும் சுவரும். கட்டில் மேல் ஏறி அந்தப் பக்கமாக இறங்கிவிடலாம். நாலே எட்டு.

அப்போது செருப்பு மிதந்தது. மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, பள்ளத்தைவிட்டு வெளியே தள்ளப்பட்டது. தண்ணீர் அசைந்தது. பிறகு வலது பள்ளத்தின் தண்ணீர் முழுவதும், சத்தமில்லாமல், விளிம்பைத் தாண்டி வழிந்தது. ஒரு கால் உள்ளே இறங்கினால் வழிவது போல.

இடது பள்ளமும்.

ஈரக்கல் வாசனை முகத்துக்கு நேரே வந்தது. மேலேயிருந்து. குனிந்து.

கட்டிலில் ஏற வேண்டும். காலைத் தூக்கினாள். கால் வரவில்லை. கீழே பார்த்தாள். வழிந்த தண்ணீர் அவள் பாதங்களைச் சுற்றிக் கூடிக்கொண்டிருந்தது. குதிகாலுக்கு அடியில் கல் மெத்தென்று இருந்தது.

மறுநாள் முழுவதும் போனை எடுக்காததால் தங்கை திங்கட்கிழமை காலை வந்தாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னாள். வீட்டில் யாரும் இல்லை. ஜன்னல் கம்பிகள் சரியாக இருந்தன. படுக்கையறைத் தரை சுத்தமாகத் துடைத்திருந்தது. கட்டிலை ஒட்டி, பெரிய பள்ளங்கள் இரண்டுக்கும் எதிரே, விரலோடு விரல் முட்டும்படி, சின்னப் பள்ளங்கள் இரண்டு இருந்தன. கொத்தனார் மண்டியிட்டு அளந்தார். ஒன்பது அங்குல நீளம், மூன்று நூல் ஆழம். முன்பக்கத்தைவிடக் குதிகால் பக்கம் ஆழம் அதிகம்.