நாற்பத்தோராவது பெயர்

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள்: எண்பத்தாறு வயதுப் பிலொமேனா. பெயர் வாசிக்க அவளுடைய பேரன் பற்றிக். கூட்டித் துடைக்கச் சிவாஜினி. மற்றபடி நாற்பத்தொரு நாற்காலிகள்.

சென்-லெயோனார் என்ற நகர்ப்பகுதியில் உள்ள நிலக்கீழ் மண்டபம் அது. இத்தாலியின் வால்பியேத்ரா என்ற மலையூரிலிருந்து வந்தவர்கள் வாங்கியது. கலியாணம், சீட்டாட்டம், தக்காளி காய்ச்சிப் போத்தலில் அடைப்பது எல்லாம் ஒரு காலத்தில் இங்கேதான். சங்கத்தில் இப்போது மிஞ்சியிருப்பவள் பிலொமேனா மட்டும்.

சிவாஜினியின் போன் அடித்தது. துறைமுகத்திலிருந்து அவள் கணவன் வினோஜன்.

"கப்பல் பிந்திட்டுது. என்னாலை வரேலாது. பிள்ளையைப் பாக்கிற கார்டெரியை ஆறு மணிக்குப் பூட்டிடுவினம், நீர் போய் எடும்."

"ஓம், போறன். நாப்பத்தொரு பெயர் வாசிக்கினமாம். முடிஞ்சாத்தான் கதிரை அடுக்கலாம்."

"எங்கட ஆக்கள் மேடையிலை நன்றி சொன்னா வாசிக்கிற பெயர் அதைவிடக் கூட எல்லோ."

சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

பற்றிக் தாளைத் தேடி எடுத்தபடி பிரெஞ்சில் கதை சொன்னான். பாட்டி இளம்பெண்ணாக இருந்தபோது அந்த மலையூரில் ஏழு நாள் மழை. மலையடித் தெருவார் எல்லோரும் தேவாலயத்துக்குள் ஒதுங்கினார்கள். பாதிரியார் பெயர் வாசித்தார். நாற்பத்தொரு பேரும் பதில் சொன்னதும் கதவை வெளியிலிருந்து பூட்டினார். விடிவதற்குள் மலை சரிந்து மூடிவிட்டது.

"தோண்டியபோது நாற்பது உடல்தான். பாட்டி காதலனோடு வெளியே நின்றிருக்கிறாள். அவளுக்காக அக்கா ரோசா பதில் சொல்லியிருக்கிறாள்."

"இப்ப?"

"வருடா வருடம் வாசிப்போம். செத்தவர்களுக்குப் பாட்டி பதில் சொல்வாள். தன் பெயருக்கு மட்டும் வாயே திறக்கமாட்டாள். எல்லோரும் பதில் சொன்னால்தானே பூட்டுவது, அதனால் இந்த நாளில் கதவைச் சாத்துவோம், பூட்டமாட்டோம். அது வழக்கம்."

வாசிப்பு தொடங்கியது. ஒவ்வொரு பெயருக்கும் கிழவி "இருக்கிறேன்" என்றாள்.

பத்தாவது பெயரில் ஈரமண் மணத்தது. சிவாஜினி துடைத்த தரையைப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

முப்பதாவது பெயரில் யாரோ இருமினார்கள். பற்றிக் அல்ல.

"பிலொமேனா."

கடைசிப் பெயரை வாசித்துவிட்டுப் பற்றிக் நிமிர்ந்தான்.

கிழவி சிவாஜினியை அருகே இழுத்து உட்கார வைத்தாள். "எனக்குக் குரல் வரவில்லை மகளே. நீ சொல். அவன் முடித்துவிடுவான். உன் பிள்ளை காத்திருக்குமே."

மணி ஐந்து நாற்பது. வராத சிநேகிதிக்காகப் பள்ளியில் பெயர் கூப்பிடும்போது எத்தனை தரம் பதில் சொல்லியிருக்கிறாள்.

"இருக்கிறேன்," என்றாள்.

நாற்காலிகள் எல்லாம் ஒன்றாகக் கிறீச்சிட்டன.

பற்றிக் தாளை மடித்தான். முகம் வெளிறியிருந்தது. "எல்லோரும் பதில் சொல்லிவிட்டார்கள்," என்றான். கிழவியைக் கைத்தாங்கலாக எழுப்பினான். இளம்பெண் போல நடந்தாள் அவள்.

"பற்றிக், நில்லும். நானும் வாறன்."

அவன் திரும்பினான். சிவாஜினி இருந்த நாற்காலியைப் பார்த்தான். வெறும் நாற்காலியைப் பார்ப்பது போல.

விளக்கு அணைந்தது.

எழ முடியவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை அவள் கையைப் பற்றியிருந்தது. குளிர்ந்த, சேறு பிசுபிசுத்த கை. தங்கையின் கையைப் பிடிப்பது போல இறுக்கமாக.

மடியில் போன் ஒளிர்ந்தது. கார்டெரி.

வாசலில் கிழவி மெல்லச் சிரிப்பது கேட்டது. கதவு சாத்தப்பட்டது.

சாவி இரண்டு முறை திரும்பியது.